ஹேங்கர் கிடைக்காத மாத்திரை

பத்தாவதோடு நின்றுவிட்ட ஒரு தையல்காரன் ரத்தத்தைப் பற்றி எழுதலாமா? கூடாதுதான். வாராவாரம் என் கடைக்கதைகளைப் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரம் இதையும் மன்னித்துவிடுங்கள்.

நான் குடியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் கெட்ட ஈரல் கெட்டதுதான். கூடவே வலிப்புக்கு ரொம்ப காலமாக ஒரு மாத்திரை.

போன வாரம் திடீரென்று நடை தள்ளாடியது. நாக்கு குழறியது. நூல் கோர்க்கப் போனால், ஊசி இரண்டாகத் தெரிந்தது!

நம்ம ஊரில் தள்ளாடுகிறவனிடம் யாராவது "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்களா? நெல்லித்தோப்பில் எங்கள் தெருவே சிரித்தது.

என் மனைவி செல்வியின் தம்பி வந்தான். "மாமா மறுபடி ஆரம்பிச்சிட்டாரா? நீ துணிமணிய எடுத்துக்கினு தவளக்குப்பம் வந்துடுக்கா. அம்மா வரச் சொல்லுச்சி."

செல்வி என் பக்கம் திரும்பி, "வாய ஊதுங்க" என்றாள். நான் குடியை விட்ட நாளிலிருந்து தினமும் நடக்கிற சோதனைதான். ஆனால், மச்சான் எதிரிலா? கூனிக்குறுகி ஊதினேன்.

"நீ கிளம்புடா," என்றாள் தம்பியிடம். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ரத்தத்தில் மாத்திரையின் அளவு சரியாகவே இருந்தது. டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்க... குடிச்சீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "இல்லவே இல்லீங்க டாக்டர். தெனம் நான்தான மோந்து பாக்குறேன்? எம் மூக்க யாரும் ஏமாத்த முடியாது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு இன்னொரு டெஸ்ட் எழுதினார். அதில் பிடிபட்டது.

ஈரல் தயாரிக்கிற அல்புமின் என்ற புரதம் எனக்குக் குறைந்துவிட்டதாம். இந்த மாத்திரையின் பெரும்பகுதி அதில்தான் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். ஒட்டாத மிச்சம்தான் மூளைக்குப் போய் வேலை செய்யும். எனக்குப் புரிந்தது இப்படி — கடையில் சட்டைகளை எண்ணினால் அதே கணக்குதான். ஹேங்கர்தான் குறைவு. மாட்ட இடமில்லாத சட்டையெல்லாம் காலில் சிக்கினால், ஆள் தள்ளாடாமல் என்ன செய்வான்?

முதல் டெஸ்ட் சட்டையை மட்டும் எண்ணியிருக்கிறது. ஹேங்கரை எண்ணவைத்தது செல்வி. டாக்டரம்மாவுக்கு நன்றி. அந்த மூக்குக்கு... எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஈரல் நோய் உள்ளவர்களே, பழைய மாத்திரைதானே என்று இருந்துவிடாதீர்கள். நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

எனக்கு அளவைக் குறைத்து, மறுநாளும் வரச் சொன்னார்கள்.

மறுநாளும் தள்ளாட்டம் நிற்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள்.