காட்டுக்குச் சொன்ன ஆகட்டுங்க

தொலைபேசி மணி அடித்தபோது பட்டறையில் இரும்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உலைக்குக் காற்று அடிக்கிற ப்ளோயரின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச முடியும். சென்னையிலிருந்து ஒரு பம்ப் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி பேசினார்.

கோயம்புத்தூரில், கணபதிக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகையில் பவுண்டரி நடத்திக்கொண்டிருந்தேன். மணல் அச்சில் இரும்பைக் காய்ச்சி ஊற்றி, பம்பின் வெளிக்கூட்டைச் செய்து கொடுப்போம். அதைக் கேசிங் என்போம். என்னிடம் கேசிங் வாங்கியது அந்த ஒரே கம்பெனிதான். அடுத்த வருடம் யாருக்கு வேலை கொடுப்பது என்பதைத் தை மாதத்துக்குள் அந்த அதிகாரி முடிவு செய்வார். அவர் வேறு பட்டறையின் பெயரைச் சொல்லிவிட்டால் என் உலை அணைந்துவிடும். என்னை நம்பி இருந்த, அச்சுப் பிடிக்கிற மோல்டர்கள், மணல் சலிக்கிற பெண்கள் எல்லோரும் வேறு இடம் தேட வேண்டும். தொண்ணூறுகளில் ஒவ்வொரு மார்கழியும் எனக்கு இந்தப் பயத்தோடுதான் போனது.

இந்த முறை மனைவியோடு வருகிறேன் என்றார். பட்டறையைப் பார்த்த பிறகு காடு பார்க்க வேண்டுமாம். அரசாங்க பங்களா எல்லாம் வேண்டாம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி இடமாக இருக்க வேண்டும், ஜீப்பில் போய் யானை பார்க்க வேண்டும், அதிர்ஷ்டம் இருந்தால் புலியும் பார்க்க வேண்டும் என்றார்.

"நீங்க மலைக்குப் பக்கத்துலயே இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா? ஏற்பாடு பண்ணிடுங்களேன்."

நான், "ஆகட்டுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்குப் பாதி அர்த்தம் சொல்கிற விதத்தில் இருக்கிறது. செய்கிறேன் என்பதற்கும் ஆகட்டுங்க என்போம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, பேச்சைத் தள்ளிப்போடவும் ஆகட்டுங்க என்போம். கல்யாணத்துக்கு அழைக்கிறவரிடமும் ஆகட்டுங்க, சீட்டில் சேரச் சொல்கிறவரிடமும் ஆகட்டுங்க. எந்த ஆகட்டுங்க என்பது கேட்கிறவருக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். நான் சொன்னது இரண்டாவது ரகம். கேட்டவர் சென்னைக்காரர். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. அவள் காங்கேயம் பக்கத்துப் பெண். கொம்பு சீவிய காளைக்கு முன்னால் போய் நிற்கிறவள். மனிதர்கள் விஷயத்தில்தான் என்னைப் போலவே பயப்படுவாள்.

"ஏனுங்க, செலவு ஆருது? அவருதுங்களா, நம்புளுதுங்களா?"

"அவரு சொல்லுல. நான் கேக்குல."

"அப்பொ நம்புளுதுதான்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவர் சொன்னது உண்மைதான். பட்டறை வாசலில் நின்றால் வடக்கே நீலகிரி நீலமாகத் தெரியும். ஆனால் காட்டுக்குள் நான் ஒரு தரம்கூடப் போனதில்லை. அந்த நாட்களில் காட்டைப் பற்றிப் பேப்பரில் வருவதெல்லாம் யானை மிதித்த செய்தி, இல்லாவிட்டால் காட்டுக்குள்ளிருந்து வந்தவர்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன செய்தி. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஒரு செய்தியைப் படித்து முடிக்க நேரம் ஆகும் என்பதால், பயமும் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். இறங்கிய பிறகு சீக்கிரம் போகாது.

ஆர்.எஸ்.புரத்தில் நகைக்கடைகளுக்கு மேலே ஒரு மாடியில் டிராவல்ஸ் ஆபீஸ் இருந்தது. அதன் வாசல்வரை போய் இரண்டு தரம் திரும்பினேன். மூன்றாவது தரம் ஏறினேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கிணத்துக்கடவுக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. அது ஒரு தைரியம். மசினகுடிக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது என்று படத்தைக் காட்டினாள். ஓலைக்கூரை போட்ட குடிசை. எங்கள் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்குப் போடுகிற சாளை மாதிரிதான் வெளியே இருந்தது. உள்ளே வெந்நீர்க் குழாய், மரக் கட்டில், கண்ணாடிக் கதவு. ஒரு ராத்திரிக்கு அவள் சொன்ன வாடகையைக் கேட்டதும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன்.

எனக்கு ரூபாயாகச் சொன்னால் ஒரு பெரிய தொகை மனதில் நிற்காது. கேசிங்காக மாற்றித்தான் புரிந்துகொள்வேன். அந்தக் குடிசையில் ஒரு ராத்திரி என்பது எங்கள் ஆட்கள் ஒரு நாள் முழுக்க ஊற்றி, அதில் ஓட்டை விழாமல் தேறி வருகிற அத்தனை கேசிங்கின் லாபம். எனக்கும் டிரைவருக்கும் பின்புறத்தில் ஒரு சின்ன அறை. அது அரை நாள் ஊற்று. சாயங்கால ஜீப், காலை ஜீப், கோயம்புத்தூரிலிருந்து கார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குள் உலை எரிந்து அணைந்து, மறுபடி எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஆகட்டுங்க என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"ஏனுங்க அண்ணா, எல்லாத்துக்கும் ஆகட்டுங்கன்னா நான் எதுங்க எழுதறது? போடட்டுங்களா, உடட்டுங்களா?"

அவள் ஊர் என் ஊருக்குப் பக்கம். அவளை ஏமாற்ற முடியாது. ஜீப் ஒரு வேளை போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அந்த அதிகாரியின் மனைவி காலையில் எழுந்து, ஜீப் இல்லையா என்று அவரிடம் கேட்பது மாதிரி ஒரு காட்சி கண்ணில் வந்தது. போடுங்க என்றேன். சாப்பாட்டுக்கு முன் விறகு மூட்டி உட்கார வைப்பார்களாம், அதற்குத் தனிக் காசு என்றாள். குளிர் அடித்தால் அவர் என்ன நினைப்பாரோ. போடுங்க. இப்படி என் பயம் ஒவ்வொரு படியாகச் செலவை ஏற்றிக்கொண்டே போனது. எதையும் குறைக்கிற தைரியம் எனக்கு இல்லை. கடைசியில் உலைக்குக் கரி வாங்க வைத்திருந்த பணம் முழுவதும் அந்த மாடியில் போய்விட்டது. ஆர்டர் வந்தால் கரிக்காரரிடம் கடன் சொல்லலாம். வராவிட்டால் கரியே தேவைப்படாது. இறங்கி வரும்போது இதை நினைத்துக்கொண்டேன். ஆறுதலாக இல்லை.

அவர்கள் வந்தார்கள். பட்டறையில் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. அந்தம்மாள் சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரிலேயே இருந்தார். அதிகாரி ஒரு கேசிங்கை எடுத்து விரலால் தட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அந்த ஒன்றும் சொல்லாமையை ஊட்டிவரை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும்போது கார் மூக்கைக் கீழே குத்திக்கொண்டே போனது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் கருகுகிற வாசனை. அதிகாரி பின்சீட்டிலிருந்து, எவ்வளவு அழகு பாருங்கள் என்றார். நான் முன்சீட்டில் காலாலேயே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன்.

தங்கும் இடம் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அந்தம்மாள் குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. அதிகாரி செலவு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே பாக்கெட்டில் கையை விட்டார். நான், "இருக்கட்டுங்க" என்றேன். கை உடனே வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் ஜீப்பில் ஏறினோம். ஜீப் டிரைவர் மேட்டுப்பாளையத்துப் பக்கத்து ஆள், நடுவயது, என்னைப் போலவே அதிகம் பேசாதவர். அவர்கள் பின்னால், நான் அவர் பக்கத்தில். மான் கூட்டம் பார்த்தோம், காட்டெருமை பார்த்தோம். புலி இல்லையா என்று அந்தம்மாள் இரண்டு தரம் கேட்டார். அந்தக் கேள்விக்கும் நான்தான் பொறுப்பு என்பது போல எனக்கு முதுகு கூசியது.

மூங்கில் புதர் தாண்டி வண்டி திரும்பியது. பாதை நடுவில் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று நின்றது. ஒரு வீட்டு நீளத்துக்குக்கூடத் தூரம் இல்லை. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். அணைத்த பிறகு கேட்ட அமைதியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. உலையைவிட அது பெரிய சத்தமாக இருந்தது. யானை காதை விரித்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. தலையை ஆட்டுவதை நிறுத்தியது. மண்ணை ஒரு காலால் கீறியது.

எனக்கு அப்போது ஆர்டர் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று முதலில் நினைத்தேன். அது ஒரு கணம்தான். யானை ஒரு அடி முன்னால் வைத்தது. பிறகு எனக்கு ஆர்டரும் இல்லை, பட்டறையும் இல்லை. என் முழங்கால் ஜீப்பின் தகரத்தில் டகடகவென்று அடித்தது. அந்தச் சத்தம் யானைக்குக் கேட்குமே என்று இரண்டு கையாலும் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து அதிகாரி என் தோளைப் பற்றினார். காதருகே வந்து, "போயிடலாங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. வாயிலிருந்து காற்றாக, "ஆகட்டுங்க" என்று வந்தது.

டிரைவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். சாவியிலிருந்து கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அதிகாரி தோளை இன்னும் இறுக்கினார். வண்டி நகரவில்லை. யானை எங்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு சலித்துப்போன மாதிரி திரும்பி, மூங்கிலை ஒடித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனது. மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்காமல் போன பிறகுதான் டிரைவர் சாவியைத் திருகினார்.

திரும்பி வந்ததும் அதிகாரிக்குக் கோபம் வந்தது. பயந்தவர்களுக்கு வருகிற கோபம். டிரைவரிடம்தான் போனார். நான் எடுக்கச் சொன்னேன், இவரும் ஆகட்டும் என்றார், ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

டிரைவர் கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் சொன்னது எடுங்கற ஆகட்டுங்க இல்லீங்க. அப்பறம் பாக்கலாம்ங்கற ஆகட்டுங்க. அந்நேரத்துக்கு வண்டியக் கெளப்புனா அது நம்புள மேலயே வந்திருக்குங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மூட்டியிருந்த விறகு வெளிச்சத்தில் வெகுநேரம் என்னைப் பார்த்தார். சென்னையிலிருந்து போனில் கேட்டபோது நான் சொன்ன ஆகட்டுங்க அவர் மனதில் ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு குடிசைக்குள் போய்விட்டார். காலை ஜீப்புக்கு அவர்கள் வரவில்லை. கட்டின காசு கட்டினதுதான்.

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது ஜன்னலோரம் நின்று, அடுத்த வருட வேலை என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே, "ஆகட்டுங்க" என்றார். எங்கள் ஊர் மாதிரியே இழுத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எந்த ஆகட்டுங்க?"

எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அதை மனதுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "போன் பண்ணிக் கேட்டுப்போடுங்க. யானைக்கு முன்னால நின்னவருதான நீங்க" என்றாள். நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மறுநாள் பட்டறையில் உலை மூட்டவில்லை. கரி இல்லை. ப்ளோயர் சத்தம் இல்லாமல் கொட்டகை காடு மாதிரி இருந்தது. மோல்டர்கள் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கு எண்ணைச் சுழற்றினேன். அவரே எடுத்தார்.

"சாருங்க, நீங்க ஆகட்டுங்கன்னீங்க. அது உண்டுங்களா, இல்லீங்களா?"

வாழ்க்கையில் ஒருவரை நான் அப்படி நேராகக் கேட்டது அதுதான் முதல் முறை. ரிசீவர் காதில் ஈரமாக ஒட்டியது. யானை காலால் மண்ணைக் கீறியது ஞாபகம் வந்தது.

"மொதல்ல போன்ல நீங்க எனக்கு ஒண்ணு சொன்னீங்களே, அந்த ஆகட்டுங்க" என்றார். "மனசுல இஷ்டம் இருந்துச்சோ இல்லையோ, செஞ்சீங்கல்ல? அது மாதிரிதான். பேட்டர்ன் பார்சல்ல வரும்."

பேட்டர்ன் என்றால் மணலில் அச்சு எடுக்க மரத்தில் செய்த உரு. அது வந்தால் வேலை வந்தது என்று அர்த்தம். வாசலில் இருந்தவர்களிடம் மணல் சலிக்கச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்கள். எனக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இஷ்டமில்லாமல் கொடுக்கப்பட்ட வேலையை அடுத்த மார்கழிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டுமே என்று முழங்கால் மறுபடி மேஜைத் தகரத்தில் தட்ட ஆரம்பித்திருந்தது.