தளத்தில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் செஞ்சியில் கோடையில் மலைப்பாறைகள் அனல் கக்கும். தெருவுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. எங்களுடையது மரக்கட்டைகள் மேல் சுண்ணாம்புத் தளம் போட்ட மெத்தை வீடு. சூடு தணிய, எல்லோரையும் போல நானும் பொழுது சாய்ந்ததும் தளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவேன். வெயிலில் வெடித்த தளம் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது.

சென்ற கோடையில் உள்சுவரில் ஈரம் தெரிந்தது. கொத்தனாரை அழைத்தோம்.

"கட்டையெல்லாம் இத்துப் போச்சும்மா. தளத்தப் பிரிச்சிட்டுப் புதுசா போடணும்" என்றார்.

செலவைக் கேட்டதும் என் கணவர் மலைத்துப் போனார். "மல்லாட்ட அறுப்பு முடிஞ்சி காசு வரட்டும். இப்ப இன்னா அவசரம்?" என்று, நிலத்தில் நின்ற வேர்க்கடலையை நம்பி, கொத்தனாரை அனுப்பிவிட்டார்.

புழுக்கம் மட்டும் காத்திருக்கவில்லை. ஒரு மாலை கிணற்றடியில் நீர் இறைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் படுத்திருந்தவர், "இன்னும் ரெண்டு கொடம் சேத்து ஊத்து, உள்ள வேவுது" என்று குரல் கொடுத்தார். குடத்தைத் தூக்குவதற்குள் வீடு இடிந்த சத்தம் கேட்டது. ஊரே கூடிக் கல்லையும் கட்டையையும் புரட்டியும் அவரை உயிரோடு எடுக்க முடியவில்லை.

மல்லாட்டை அந்த முறை நன்றாகவே விளைந்தது.

இப்போது யாருடைய மெத்தை வீட்டுக்குப் போனாலும், கட்டை சுவரில் நுழையும் இடத்தை அண்ணாந்து பார்க்கிறேன். ஈரம் தெரிந்தால் உட்காராமலே சொல்கிறேன்: "அறுப்பு வரைக்கும் காத்திருக்காதீங்க."