வந்த வழி மூன்று, போன வழி ஒன்று

விருந்துக்குப் போன வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பின்பக்க மதிலில் கையை ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணி, இந்தச் சந்து எங்க போய் முட்டுது?"

"தெரியலையேம்மா. யாரு அந்தப் பக்கம் போறா?"

"ரெண்டு பக்கமும் தொறந்திருக்கு அண்ணி. நானா இருந்தா உங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து மகள் ஓடி வந்து முழங்கையைப் பிடித்து இழுக்கிறாள். "அம்மா, வந்த இடத்துல திருடி மாதிரி பேசாதம்மா!"

போலீஸில் குற்ற ஆய்வுப் பிரிவு அதிகாரி அவர். கான்ஸ்டபிள்களுக்கு 'மேப் அக்கா'. திருடியது யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். எந்தப் பக்கமாக வந்தான், எதைத் தாண்டத் தயங்கினான், எந்தப் பக்கம் ஓடினான் என்று கேட்டுவிட்டாலோ தீர்ந்தது. கொண்டுவைத்த தேநீர் ஆறி ஆடை கட்டும் வரை பேச்சு ஓயாது. ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கும் திருட்டுகளில் எவையெல்லாம் ஒரே ஆளின் கைவரிசை என்று, அவன் நடமாட்டத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் வேலை. "பூட்ட ஒடைக்கிற விதத்த ஒருத்தன் நாளைக்கே மாத்திப்பான். பழகின வழிய விட மனசு வராது," என்பார்.

வீட்டுக்காரரும் இதற்குத் தப்பவில்லை. "எப்பவும் எடது பக்கமாவே வீட்டுக்கு வர்றீங்க," என்று ஒருநாள் சொல்லிவைத்தார். அன்று முதல் மனிதர் வீம்புக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறார். "கட்டிக்கிட்டவளே இப்படிக் கண்கொத்திப் பாம்பா பாத்தா, மனுஷன் எந்தப் பக்கம்தான் திரும்புறது?"

சறுக்கியதும் உண்டு. ஸ்கூட்டர் திருட்டுகள் சிலவற்றை ஒரே ஆளின் வேலை என்று அடித்துச் சொன்னார். பிடித்துப் பார்த்தால் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர். "அக்கா, உங்க ரெட்டை மண்டை ஆளு சௌக்கியமா?" என்று கான்ஸ்டபிள்கள் இன்றும் கேட்பார்கள். முதலில் வாய்விட்டுச் சிரிப்பவர் அவர்தான்.

வாய்க்கால் ஓரத்து வீடுகளில் பட்டப்பகலில் திருட்டு நடந்தபோது அந்தச் சிரிப்பு காணாமல் போயிற்று. ஒரு வீட்டில் முன்வாசல் பூட்டை உடைத்திருந்தார்கள். அடுத்ததில் ஜன்னல் கம்பியை வளைத்திருந்தார்கள். சில நாள் முன்புதான் முதல் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்த பெயிண்டரை இன்ஸ்பெக்டர் பிடித்து உள்ளே வைத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே மூன்றாவது வீடு போனது. அங்கே மாடிக் கதவைத் திறந்து இறங்கியிருந்தார்கள்.

"இது வேற ஆளு மேடம். மூணும் மூணு மாதிரி," என்றார் இன்ஸ்பெக்டர். கெட்டிக்காரர்தான், பிடித்த பிடியை விடமாட்டார்.

ஸ்டேஷன் வாசலில் பெயிண்டரின் மனைவி இடுப்புக் குழந்தையோடு நின்றிருந்தாள். "என் வீட்டுக்காரர் சுவரத்தாம்மா தொட்டாரு. வேற எதையும் தொடலம்மா." மேப் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்றும் ஒருவன் வேலை என்று நிரூபித்தால் அந்த மனிதர் வெளியே வருவார். மறுபடியும் சறுக்கினால்?

மூன்று வீடுகளுக்கும் நடந்தே போனார். மூன்றிலும் பின்கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டிருந்தது. மூன்றிலும் பின்மதிலுக்கு அப்பால் வாய்க்கால் கரை; அதன் ஒரு கோடியில் பாலம், மறுகோடியில் தண்ணீர் இறைக்கும் பம்பு அறை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கியவர், கரையிலிருந்தே இன்ஸ்பெக்டரைப் போனில் கூப்பிட்டார்.

"சார், உள்ள வந்த வழி மூணு, வெளிய போன வழி ஒண்ணு! பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் பணக்கார வீடு. ஒண்ணையாவது தொட்டானா? தாண்டவே இல்ல சார். பம்பு ரூமை ஒட்டின வரிசையையும் விட்டுட்டான். சொந்த வாசல்ல எவன் சார் கை வைப்பான்? மூணும் ஒரே ஆளு. அவன் பொழங்குற எடம் அந்தப் பம்பு ரூம் பக்கம்தான்!"

"கோர்ட்ல வாய்க்கால் வந்து சாட்சி சொல்லுமா மேடம்?"

"சாட்சி சொல்லாது. ஆள எங்க தேடணும்னு சொல்லும்."

"சரி, பாத்துடுவோம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் லுங்கியும் தூண்டிலுமாகக் கரையில் உட்கார்ந்தார்கள். ஒரு மீனும் சிக்கவில்லை. மேப் அக்காவுக்கு ஆபீஸில் இருப்புக்கொள்ளவில்லை. போன் அடிக்கும் முன்பே எடுத்தார். ஒருநாள் காலையில், மூட்டையோடு மதிலேறிக் குதித்தவன் நேராகத் தூண்டில்காரர் மடியிலேயே வந்து விழுந்தான். பம்பு ஓட்டுகிறவன். தினமும் அந்த வீடுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவன். பம்பு அறையில் மூன்று வீட்டு நகைகளும் இருந்தன.

"அக்கா! மாட்டிக்கிட்டான்க்கா!" என்று போனில் அலறினார் கான்ஸ்டபிள். "ஒரே மண்டைதான்க்கா!"

மேப் அக்கா நாற்காலி சாயத் துள்ளி எழுந்தார். பக்கத்து மேசைக்காரர் பதறிப்போய், "என்னாச்சு? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றார். "நல்லா இருக்காங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அன்று மாலையே பெயிண்டரை விட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் தானே வாசல் வரை கூட வந்து, "மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். பெயிண்டர் குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். அது அப்பாவின் முகத்தை அடையாளம் தெரியாமல் முதலில் சிணுங்கியது. பிறகு தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. மூவரும் தெருமுனை திரும்பும் வரை மேப் அக்கா நின்று பார்த்தார்.

ஆபீஸுக்குத் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த ஊர்ப்படத்தின் முன் போய் நின்றார். பெயிண்டர் வீடு இருக்கும் இடத்தில், சந்தேக ஆளென்று இன்ஸ்பெக்டர் குத்திவைத்த கறுப்பு ஊசி இன்னும் இருந்தது. அதைப் பிடுங்கி மேசையில் போட்டார். காகிதத்தில் அது விட்டுப்போன துளையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்து மூடிக்கொண்டிருந்தார்.