பப்பாளி தின்ற ஈப்பிடிப்பான்

ஐந்தருவிக்குப் போகும் வழியில் இசக்கிசெல்வி பழக்கடை போட்டுப் பதினோரு சீசன் ஆகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய் திறப்பது குறைவு. கண் மட்டும் சும்மா இருக்காது. மங்குஸ்தானைக் கையில் எடுக்காமலே உள்ளே கெட்டது எது என்று சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். கௌரிசங்கரை முதல் நாளே பார்த்து வைத்துவிட்டாள்.

தென்காசிக்காரர். ஓய்வு பெற்ற பொறியாளர். இலை நிறத்தில் தொப்பி, இலை நிறத்தில் சட்டை, செருப்பு வார் கூட இலை நிறம். பறவை தன்னைக் கண்டுகொள்ளக் கூடாதாம். ஆனால் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி போனில் பேசிக்கொண்டேதான் பறவை தேடுவார்.

கடைக்குப் பின்னால் உள்ள புதரில் ஒரு வெள்ளைக் குருவி திரிந்தது. தலை மட்டும் கருப்பு, அதில் சின்னக் கொண்டை. அதைப் படம் பிடித்துத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'அரசவால் ஈப்பிடிப்பான். நீள வால் உதிர்ந்துவிட்டது. இது கூடு கட்டும் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன்' என்று அறிவிப்பு வேறு. இருநூறு பேர் கை தட்டினார்கள். அதில் ஒருவரும் அந்தப் புதர்ப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் இசக்கிசெல்வி தனக்குள் சிரித்துக்கொண்டு பழம் நறுக்கியிருப்பாள். மனுஷர் விடவில்லை. பறவைக்கு இடைஞ்சல், கடையை அப்புறப்படுத்த வேண்டும் என்று மனு எழுதிவிட்டார். வனக்காவலர் சங்கரபாண்டி அந்த மனுவோடு, கௌரிசங்கரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். சாரல் தொடங்கி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. இந்த இடம் போனால் இந்த வருஷம் அவளுக்கு வேறு இடம் கிடையாது.

"ஏட்டி, உன்னைய எடுத்துட்டு அந்தக் குருவிக்குப் பட்டா போட்டுக் குடுக்கப் போறாரு," என்று பக்கத்துச் சிப்ஸ் கடை ரஹ்மத்துன்னிசா காதோரம் சொன்னாள்.

இசக்கிசெல்விக்கு ஆண்கள் கூடி நிற்கிற இடத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஈப்பிடிப்பான் என்ன திங்கும்?"

"பூச்சிம்மா. பறக்கிற பூச்சிய அப்படியே கவ்வும். பழத்தத் தொடவே தொடாது." பாடம் எடுக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கௌரிசங்கர் முகம் மலர்ந்தது. "இதெல்லாம் படிச்சாத்தான் தெரியும்."

அவள் குழைந்துபோன பப்பாளித் துண்டு ஒன்றைப் பின்பக்கத்துக் கல்லில் வைத்தாள். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

முதலில் இரண்டு கருப்புக் கொண்டைக்குருவிகள் வந்து இறங்கின. அவற்றுக்கு நடுவே வெள்ளையும் வந்து உட்கார்ந்து, வெட்கமில்லாமல் பப்பாளியைக் கொத்தியது. குனிந்தபோது வாலுக்கு அடியில் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது, மற்ற இரண்டுக்கும் இருக்கிற அதே சிவப்பு.

"சார், உங்க ஈப்பிடிப்பான் பழமும் திங்குதே," என்றார் சங்கரபாண்டி.

கௌரிசங்கர் கேமராவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அது கொண்டைக்குருவிதான் அண்ணாச்சி," என்றாள் இசக்கிசெல்வி. "போன வருசம் இங்கனதான் பொரிச்சுது. கூடப் பொறந்தது கருப்பு. இது நிறம் கொறஞ்சு வந்துட்டு. நீங்க வெள்ளைய மட்டும் பாத்திய. அது யார் கூடத் திரியுது, எப்படிக் கத்துது, என்ன திங்குதுன்னு ஒண்ணும் பாக்கல."

"கொண்டைக்குருவிக்காகக் கடைய எடுத்தா குத்தாலத்துல ஒரு கடை நிக்காது," என்று சங்கரபாண்டி மனுவை மடித்து அவரிடமே நீட்டினார். "நீரே வச்சுக்கிடும்."

"எனக்கும் ஆரம்பத்துலேயே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார் கௌரிசங்கர். ரஹ்மத்துன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டிருந்தார். குழுவுக்கு அடுத்த அறிவிப்பு. தட்டிக்கொண்டே பெருந்தன்மையாகக் கேட்டார்: "உன் பேர் என்னம்மா? உதவி செஞ்சதா ஒரு வரி போடுதேன்."

"பேரெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் இசக்கிசெல்வி. "கடைய மறைக்காம அங்கன தள்ளி நில்லுங்க. பஸ்ஸு வருது."