லியோனில் ஒன்றரை மணி நேரம்

நாங்கள் ஐரோப்பா போய்வந்ததைப் பற்றி யாராவது கேட்டால் என் கணவர் உடனே போனை எடுத்துப் படம் காட்டத் தொடங்கிவிடுவார். பனிமலை, காற்றாலை, படகு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்வெட்டர் போட்ட நாங்கள் இருவர். நான் காபி போடுகிறேன் என்று எழுந்துவிடுவேன். அந்த ஐந்து வாரத்தில் பார்த்தது எதுவும் என் மனதில் ஒட்டவில்லை. ஒட்டியிருப்பதெல்லாம் அதற்கு முன்னால் கருவடிக்குப்பத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் கழிந்த மாதங்கள்தான்.

அவர் தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கடலூருக்குப் போவதென்றாலே குடை எடுத்தாயா, மாத்திரை எடுத்தாயா என்று ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடும் மனுஷன், ஒரு நாள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஐரோப்பா போயிட்டு வரலாமா?" என்றார். பக்கத்திலிருக்கும் வில்லியனூர் வரைக்கும் போய்வரலாமா என்கிற தோரணையில் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஒரே மகள் பிரான்சில், லியோனில் இருக்கிறாள்.

இந்த ஊரில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை வந்தால் பெண் வீட்டார் ஜாதகத்தைக்கூட மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு வரன் வந்தது. அவளுக்கும் பிடித்துத்தான் கல்யாணம் நடந்தது. சில வருஷங்களில் அது முறிந்துபோனது. அவள் லியோனுக்கு மாறி, ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை தேடிக்கொண்டு தனியாக இருக்கத் தொடங்கினாள். நாங்கள் அவள் பக்கம்தான் நின்றோம். மாப்பிள்ளை வீட்டார் இங்கே வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு திரிந்தார்கள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று நான் அவளிடம் போனில் சொல்வேன். அவளுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் எனக்கு அது தப்பாகப் படவில்லை. ஒரு நாள் அவள், "ம்மா, ஊரு கதைய எங்கிட்ட சொல்லாத. எனக்கு அந்த ஊரே வேணாம்" என்றாள். நானும் அந்த ஊர்தானேடி என்று கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு வாரா வாரம் வந்த போன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று ஆனது. பிறகு அதுவும் நின்றது. அவள் அப்பா ஏதாவது அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் வரட்டுமா என்று இரண்டு முறை கேட்டோம். "இப்ப வேணாம்" என்று இரண்டு முறையும் எழுதினாள். லியோனுக்கு வராதே என்று சொல்லிவிட்டாள். ஐரோப்பாவுக்கு வராதே என்று சொல்லவில்லை. அவர் கண்டுபிடித்த வழி அதுதான்.

டூர் கம்பெனிகள் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற ஏற்பாடெல்லாம் அவருக்கு ஆகவில்லை. "அவன் எறக்கிவிட்ட எடத்துல எறங்கி, ஏறுன்னா ஏறணும். நாம ரயில்லயும் பஸ்லயும் போவோம். நம்ம இஷ்டத்துக்கு எறங்கலாம்" என்றார். எங்கே இறங்க அவருக்கு இஷ்டம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே இந்தப் பயணம் நின்றிருக்கும்.

ஐரோப்பா வரைபடத்தைப் பல தாள்களில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி மேசை முழுக்க விரித்தார். நாங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டோம். இரவு தங்கும் ஊர்களின் மேல் புளியங்கொட்டை வைத்தார். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து ரைன் ஆற்றோரமாகக் கீழே, பிறகு வியன்னா, வெனிஸ், மிலான், மறுபடி மேலே ஏறி சூரிக். எது ரயில், எது பஸ் என்பதில் தினமும் சண்டை. பஸ் மலிவு. ஆனால் பஸ்ஸில் கழிவறை இருக்கிறதா, இருந்தாலும் அது திறந்திருக்குமா என்பது என் கவலை. "அது வெள்ளைக்காரன் பஸ், அதெல்லாம் இருக்கும்" என்பார். என் வயதில் இதையெல்லாம் நம்பிக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார முடியாது என்று நான் சொல்ல, ஒரு பஸ் ரயிலாக மாறும். லியோன் மேல் மட்டும் கொட்டை இல்லை. பாம்புப் புற்றைச் சுற்றிப் போகிறவர்கள் மாதிரி எங்கள் வழி அதைத் தொடாமல் சுற்றிப் போனது.

ஒரு நாள் மேசையைத் துடைக்கப் போனவள், என் பழைய ஸ்கேலை எடுத்து சூரிக்கிலிருந்து லியோன் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தேன். ஜெனீவாவிலிருந்து அதில் பாதிகூட இல்லை. அவர் வந்ததும், "கடைசில சூரிக் வேணாங்க. ஜெனீவா வைங்களேன்" என்றேன்.

"ஜெனீவால என்னா இருக்குது?"

"ஏரி இருக்குதாம்."

"ஏரியா, சூரிக்லயுந்தான் இருக்குது" என்றவர், வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொட்டையை எடுத்து ஜெனீவா மேல் வைத்துவிட்டு, மோட்டார் போடப் போனார்.

விசாவுக்குத் தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏஜென்சியில் ஒரு பெண் இருந்தாள். பிரான்சில் சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்டாள். "பொண்ணு இருக்கா" என்றார் இவர். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சுலபம் சார். அவங்க அவங்க ஊரு மேரில போயி ஒரு அத்தெஸ்தாசியோன் வாங்கி அனுப்பிட்டாங்கன்னா போதும். தங்கற எடத்துக்கு வேற எதுவும் வேணாம்." பெற்றவர்களை வீட்டில் தங்க வைத்துக்கொள்கிறேன் என்று பிள்ளைகள் மேரியில், அதாவது அங்கத்திய நகராட்சியில், வாங்கித்தரும் சான்று அது. இந்த ஊரிலிருந்து பிரான்ஸ் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் போகிறார்கள். "வேணாம்மா, நாங்க ஓட்டல்லயே தங்கிக்கறோம்" என்றார். அந்தப் பெண் நிமிர்ந்து எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தாள், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "சின்ன வீடா இருக்கும்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று அவர் மேல் பாய்ந்தேன். "எனக்கு எப்படித் தெரியும், பெரிய வீடா சின்ன வீடான்னு" என்றார்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். பிரான்சில் பாதி ஆயுளைக் கழித்தவர். யோசனை கேட்டு இவர் அவர் வீட்டுக்குப் போனார், நானும் போனேன். "ஒண்ணும் கஷ்டமில்ல மிஸ்யே. கார்ல எறங்குங்க. வெளிய வந்தா எதுத்தாப்ல கார் நிக்கும். அந்தக் கார்ல ஏறுனா அடுத்த கார் வாசல்லயே விட்டுருவான்" என்றார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, "அத்தினி காருக்கு யாரு வாடகை குடுக்கறது? நம்மள டாக்சில போவச் சொல்றாரு" என்று அங்கலாய்த்தார். பிரெஞ்சில் ரயில் நிலையத்துக்கும் கார், வெளியூர் பஸ்ஸுக்கும் கார் என்று எனக்கே மறுநாள்தான் விளங்கியது. நீண்ட நாள் கழித்து அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும், இதை மகளிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவர் டிவியைப் போட்டார், நான் அடுப்படிக்குப் போனேன்.

அங்கிருந்து கிளம்பும்போது, இவர் தெருவில் இறங்கிய பிறகு, அந்த சொல்தா என்னிடம் கேட்ட கேள்வியை நான் இவரிடம் சொல்லவில்லை. "மதாம், பொண்ணு வீட்ல எத்தினி நாளு?" என்று கேட்டார். "பாக்கணும்" என்றேன். இரண்டு அர்த்தத்திலும் அது உண்மைதான்.

வண்டி மாறுவதற்குப் பெட்டியோடு நடக்கப் பழக வேண்டும் என்று இவர் சொல்ல, விடியற்காலையில் காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தோம். தடதடவென்று சத்தம் கேட்டு நாய்கள் கூடிவிட்டன. பால் வாங்க வந்தவர்கள், "எந்த ஊருக்கும்மா கெளம்பிட்டீங்க?" என்று விசாரித்தார்கள். தெருமுனை வரைக்கும் போவதற்குள் என் முட்டி கெஞ்சியது. "இந்த நடைக்கு வண்டி நம்மள உட்டுட்டுப் போயிடும்" என்றார். "போனா போவட்டும், அடுத்த வண்டில போலாம்" என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்து, "அதுவும் நல்லதுதான்" என்றார்.

விசா வந்தது. ஒவ்வொன்றாக எல்லா டிக்கெட்டையும் போட்டார். ஊருக்கு விமானம் ஏற ஜெனீவாவிலிருந்து பாரிசுக்கு வருவதை மட்டும் போடாமல் தள்ளிக்கொண்டே போனார். ஒரு மாலை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இந்த ஒண்ணுதான் பாக்கி. லியோன்ல எறங்கி மாறணும். நடுவுல ஒன்றரை மணி நேரம் கிடைக்குது" என்றார். எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயரை யாரும் சொல்லி ரொம்ப நாள் ஆகியிருந்தது. திரையில் முதல் வரிசையிலேயே ஜெனீவாவிலிருந்து நேராகப் பாரிஸ் போகும் ரயில் இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். விரலால் தள்ளி அதை மேலே அனுப்பிவிட்டு, "மாறித்தான் ஆவணும்" என்றார். "ஆமா, மாறித்தான் ஆவணும்" என்றேன்.

மகளுக்கு எழுத உட்கார்ந்தோம். எழுதுவார், அழிப்பார். "வீட்டுக்கு வரோம்னு பயந்துடப் போறா, ஸ்டேஷன்லயேதான் இருப்போம்னு போடுங்க" என்றேன். கடைசியில் இப்படி எழுதினார்: "நானும் அம்மாவும் ஐரோப்பா சுத்திப் பாக்க வரோம். ஜெனீவாலேர்ந்து பாரிஸ் போக லியோன்ல வண்டி மாறணும். ஒன்றரை மணி நேரம் ஸ்டேஷன்லயே இருப்போம். உனக்கு வேலை இருந்தா பரவால்ல." கடைசி வரி எதற்கு என்று நான் கத்தினேன். வேலை இருக்கிறது என்று சொல்ல நாமே வழி சொல்லிக்கொடுப்பதா? "இருக்கட்டும். அவளுக்கு வேற வழியே இல்லன்னு ஆக்கக் கூடாது" என்று அனுப்பிவிட்டார். அவள் படித்துவிட்டாள் என்பதற்கு அடையாளமான நீலக் கோடுகள் உடனே விழுந்தன. பதில் வரவில்லை.

அன்றும் மறுநாளும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடம் அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு நல்லதாக வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அங்கே எடுத்துப்போக விடமாட்டார்கள் என்று தெரிந்தே சொன்னேன். ஒன்றரை மணி நேரத்தில் என்ன பேசுவது என்று யோசித்தேன். ஊர்க் கதை பேசக் கூடாது. அதை விட்டால் எனக்கு என்ன பேசத் தெரியும்? பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கையை உருவிக்கொண்டால்? அந்தப் பயம் வந்ததும் துவைத்த துணியை மறுபடி துவைக்கப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை நான் தோசைக்கல்லைப் போட்டபோது பதில் வந்தது. அவர் மேசையிலிருந்தே சத்தமாகப் படித்தார். "அப்பா, ஜெனீவா டு பாரிஸ் டைரக்ட் ட்ரெயின் இருக்கு. லியோன்ல மாற வேணாம். அம்மா முட்டியோட பெட்டி தூக்கிட்டு எதுக்கு அலையணும். லிங்க் அனுப்பியிருக்கேன், சீக்கிரம் போட்டுடுங்க. நல்லா என்ஜாய் பண்ணுங்க." பல மாதங்களில் அவள் எழுதியதிலேயே நீளமானது அதுதான்.

இரண்டாம் முறையும் படித்தார். "பாத்தியா, உன் முட்டி வலிய ஞாபகம் வச்சிருக்கா" என்றார்.

தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன், வீட்டில் கிணறு இல்லை. "நாம எதுக்கு எழுதினோம்னு அவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார்.

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அதற்கு மேல் எனக்குச் சண்டை போட ஆளில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் அனுப்பியதைத் திறந்தார். எங்கள் பெயர்களையும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பிறந்த தேதிகளையும் தப்பில்லாமல் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

"ஜன்னல் சீட்டு ரெண்டு பக்கமும் காலியா இருக்குது. எந்தப் பக்கம் போடட்டும்?"

"லியோன் எந்தப் பக்கம் வரும்?"

"இது அந்த வழியாவே போவல."

"அப்ப எந்தப் பக்கமா இருந்தா என்னா, போடுங்க" என்றேன்.