சீட் கவர்க்காரியின் சுவர்

சீட் கவர்க்காரிக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். தெரு சொல்வதில் பாதி புளுகு. இது அந்தப் பாதியில் சேராது.

பஸ், லாரி, வேன் எதுவானாலும் சீட்டுக்கு உறை தைப்பது அவள் வேலை. வீட்டை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகைதான் பட்டறை. ஒரு பக்கம் ரெக்ஸின் சுருள்கள், ஒரு பக்கம் ஸ்பாஞ்சு, நடுவில் தோலையும் தைக்கிற கனத்த மெஷின். மெஷினுக்கு நேர் எதிரே வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டை. அதிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டாத தேனீக்கள் போய்வருகிற வாசல் அது.

கொட்டாத தேனீ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அந்தத் தெருவில் சிரிப்பார்கள். கொட்டாது, சரி, எந்த வகை என்று கேட்பார்கள். பட்டறைத் தெரு அது. வார்னிஷ், பெயிண்ட், ரப்பர் சொல்யூஷன் என்று ஒட்டுகிற சாமான் எங்கே திறந்து கிடந்தாலும் பூச்சி வந்து கால் நிறைய அள்ளிக்கொண்டு போகும். அதனால் எல்லோருக்கும் அதோடு பழக்கம். நீளமாகக் குழாய் கட்டி, பொழுது சாய்ந்ததும் குழாய் வாயை மூடிக்கொண்டால் அது சாது. குழாய் கட்டாமல் ஓட்டையைச் சுற்றிக் கறுப்புப் பிசினை அப்பிவைத்து, கிட்டே போகிறவர் தலைக்குள் புகுந்து கடித்தால் அது முடிப்பூச்சி. வேர்வைக்கு ஆசைப்பட்டுக் கண்ணோரம் வந்து உட்காருகிற பொடிசு, கண்பூச்சி. எதிர்வீட்டுத் தச்சர் மட்டும் வாசலையெல்லாம் பார்க்க மாட்டார். ஒன்றைப் பிடித்து விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். சாதுவுக்கு எலுமிச்சை இலை வாசம், முடிப்பூச்சிக்கு டர்பன்டைன் நாற்றம் என்பது அவர் கட்சி. வார்னிஷில் ஊறிப்போன மூக்குக்கு எல்லாமே டர்பன்டைன்தானே என்று சீட் கவர்க்காரி அவரை வாரிவிடுவாள்.

அந்த வீட்டுக்கு அவள் இளையாளாக வந்தவள். மூத்தாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு வேன்காரர் இவளைக் கட்டிக்கொண்டார். மூத்தாள் ஒரு சொல் அதிர்ந்து பேசாத மகராசி. வீட்டில் எதைத் தொட்டாலும் அது அவள் வாங்கிய பாத்திரமாக இருக்கும், அல்லது அவள் அடித்த ஆணியாக இருக்கும். இவள் என்ன செய்தாலும், வேன்காரரின் அக்கா "அவ இருந்தா..." என்று ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். முடிக்காமல் விட்டால்தான் நன்றாக உறைக்கும் என்று அந்த நாத்தனாருக்குத் தெரியும். ஊரையே வாயால் அளக்கிற சீட் கவர்க்காரிக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வந்ததில்லை. செத்துப்போனவளோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

சுவரில் இருந்த சாதுவும் மூத்தாள் காலத்தில் குடிவந்ததுதான். ஆனால் அந்த வீட்டில் இவளை ஏற இறங்கப் பார்க்காத ஜீவன் அது ஒன்றுதான். அவள் மெஷினை ஓட்டுவாள், அது பாட்டுக்கு அது போய்வரும். சொல்யூஷன் டப்பாவில் விழுந்து ஒட்டிக்கொண்டதை ஊசி முனையால் எடுத்துவிடுவாள். யாராவது வந்தால், "எங்க வீட்டு சாது, யார் வம்புக்கும் போகாது" என்று பெருமையாகக் காட்டுவாள். தன்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை என்ற வருத்தமும் அந்தப் பெருமைக்குள் கொஞ்சம் இருந்தது.

போன கோடையில் ஒரு நாள் சுவருக்கு முன்னால் பூச்சிகள் புகை மாதிரிச் சுழன்றன. அடியில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டபடியே ஏராளமாகச் செத்துக் கிடந்தன. தச்சர் வார்னிஷ் அடித்த நெடி என்று அவரைத் திட்டிவிட்டு, ரெக்ஸின் துண்டுகளோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளினாள். நாலு நாளில் போக்குவரத்து பழையபடி ஆனது. மெஷின் சுவரிலிருந்து தள்ளி இருந்ததால் ஒன்றும் அவள் தலைப் பக்கம் வரவில்லை. ஆனால் அதன் பிறகு பொழுது சாய்ந்தும் குழாய் வாய் மூடவில்லை. புழுக்கத்துக்குத் திறந்துவைத்திருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வேன்காரர் வெளியூர் சவாரி போயிருந்தபோது நாத்தனார் வந்து தங்கினாள். காலையில் குளித்துவிட்டுக் கொட்டகைச் சுவரோரம் நின்று தலை துவட்டியவள், வீடே அதிரக் கத்தினாள். முடிக்குள் பத்துப் பன்னிரண்டு பூச்சி. சீப்பு போட்டால் பிசின், விரல் விட்டால் கடி. மத்தியானம் ஆவதற்குள் கொத்தனாரையே கூட்டிவந்துவிட்டாள். அவர் சிமெண்ட்டைக் குழைத்துச் சட்டியில் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

சீட் கவர்க்காரி ஓட்டையை மறித்துக்கொண்டாள். "மேஸ்திரி, சட்டியைக் கீழ வைங்க. உள்ள உசிரு இருக்கு."

"முடிப்பூச்சிய யாராவது வீட்ல வச்சுப்பாங்களா?" என்றாள் நாத்தனார்.

"இது சாது அண்ணி. குழாயப் பாருங்க, எவ்ளோ நீளம்! உங்க தலையில ஏறினது வேற எங்கருந்தோ வந்தது."

"என் தலைய பாத்துட்டுமா இப்படிப் பேசுற?"

தகராறு என்றதும் தச்சர் எதிர்வீட்டிலிருந்து இறங்கி வந்தார். "தங்கச்சி, ஒண்ணப் பிடிச்சு மோந்து பாத்துரலாமே" என்றார்.

"உங்க மூக்க நம்பி நான் பூச்சிய சாகடிக்கணுமா, அண்ணே?" என்று அவரை அடக்கிவிட்டு, அவள் கொண்டையை அவிழ்த்தாள். இடுப்பு வரை இறங்கிய முடி. அவளிடம் தெரு குறை சொல்லாத ஒரே விஷயம் அதுதான். "நானே தலைய விரிச்சுப் போட்டு சுவர்ல சாயறேன். தட்டுறேன். முடியில ஒண்ணு ஏறினாலும் மேஸ்திரி பூசட்டும், நான் வாயத் திறக்கல. ஏறலன்னா இனிமே இந்தச் சுவர் பக்கம் யாரும் வரக்கூடாது. சரியா?"

"சரி" என்றாள் நாத்தனார். வாயைத் திறக்க மாட்டேன் என்று அவள் சொன்னதே பெரிய லாபம்.

சீட் கவர்க்காரி குழாயை ஒட்டித் தலையைச் சாய்த்து, சுவரைக் கையால் நன்றாகத் தட்டினாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளே கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். குழாயிலிருந்து கறுப்பாகக் கொட்டியது. காது மடல், பிடரி, புருவம் என்று எல்லா இடத்திலும் ஏறி, முடியின் வேருக்குள் புகுந்து கடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கடித்த வலியில் பாதி, மீதி அவமானம்.

தச்சர் அவள் தோளில் இருந்த ஒன்றைப் பிடித்து நசுக்கி முகர்ந்தார். விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். டர்பன்டைன்.

அப்போதுதான் அவளுக்குப் போன கோடை உறைத்தது. புகை மாதிரிச் சுழன்றது, கவ்விக்கொண்டு செத்தது, மூடாமல் கிடந்த வாசல். சாது அன்றைக்கே போய்விட்டது. சாது கட்டிய குழாய்க்குள் முடிப்பூச்சி வந்து குடியேறி, உடைந்ததைச் சரிபண்ணி, இத்தனை நாள் பிழைத்துக்கொண்டிருக்கிறது. வாசலைப் பார்த்து உள்ளே இருப்பது யாரென்று முடிவு கட்டியது தன் மடத்தனம்.

"நகரு. மேஸ்திரி பூசட்டும்" என்றாள் நாத்தனார்.

அவள் நகரவில்லை. ரெக்ஸின் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். பிசின் அப்பிய முடியைக் கொத்தாகப் பிடித்துக் கழுத்தோடு வெட்டிக் கீழே போட்டாள். கொத்தனார் ஐயோ என்றார். இன்னொரு கொத்தையும் வெட்டினாள்.

"பூசக்கூடாது."

"பந்தயம் கட்டுனது நீதானே? இப்ப வாக்கு மாறுறியா?"

"மாறுறேன் அண்ணி. வகையச் சொன்னதுல நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன். சாதுன்னா சுவர்ல இருக்கலாம், கடிச்சா பூசிடலாம்னு பேசினேன் பாருங்க, அதுதான் தப்பு. அந்தப் பந்தயமே செல்லாது. கடிக்கிறதுக்கும் வீடு வேணும்."

"அடுத்தவ கட்டுன வீட்டுக்குள்ள புகுந்தது அது!"

சொன்ன பிறகுதான் நாத்தனாருக்கே கேட்டது. தச்சர் தரையைப் பார்த்தார். சீட் கவர்க்காரி கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தாள்.

"ஆமா. புகுந்ததுதான். புகுந்து கூரையும் சுவருமா காப்பாத்திட்டு இருக்கு. குழாய் இன்னைக்கு வரைக்கும் நிக்குதே, அது யாரால?"

கொத்தனார் மெல்ல, "சிமெண்ட் இறுகுதும்மா, என்ன பண்ணட்டும்?" என்றார்.

"வீட்டு வாசப்படி உடைஞ்சு கெடக்கு மேஸ்திரி. அதுல பூசுங்க."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். கீழே கிடந்த முடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வழக்கம்போல, "அவ இருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அவங்க இல்ல, அண்ணி. நான்தான் இருக்கேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பிறகு தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாதியில் நின்ற பஸ் சீட்டை மெஷினுக்கு அடியில் தள்ளினாள். கொத்தனார் வாசற்படிப் பக்கம் போனார்.