ட்ரெவர் பாஸ்கோவின் மூக்கு

மெல்பர்னில் எங்கள் ஆய்வகத்தில் ட்ரெவர் பாஸ்கோவுக்கு 'நாய்' என்று பட்டப்பெயர். தங்கத்தின் மேல் மூலக்கூறுகளைப் பயிர் செய்வது அவர் வேலை. தங்கம் பூசிய கண்ணாடித் துண்டைத் திரவத்தில் முக்கி வைப்பார். அதிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு நுனியில் கந்தகம். அது தங்கத்தைக் கவ்விக்கொள்ளும், வால் நிமிர்ந்து நிற்கும். மறுநாள் எடுத்தால் ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்குப் புல்வெளி. வாலை மாற்றினால் அதே தங்கம் தண்ணீரை உருட்டி விடும், அல்லது படர விடும். மின்சாரத்தைத் தடுக்கும், அல்லது கடத்தும். அந்தப் புல்லின் மேல் ஊசிமுனையை ஓட்டித்தான் மற்றவர்கள் ஆராய்ந்தார்கள். நான் ஸ்டோரில் புட்டிகளை எடுத்துக் கொடுத்தவன்.

அந்தத் திரவத்துக்குக் குடலைப் புரட்டும் நாற்றம். கசிவு தெரிவதற்காக எரிவாயுவில் கலக்கும் பொருளுக்கு நெருங்கிய சொந்தம். மூக்குதான் காவல், அதனால் வாசனை தெரியாதவரை அந்த மேஜையில் விடுவதில்லை. ட்ரெவர் வராந்தாவில் நின்றபடியே எந்த மூடி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

2016 ஜூன் மாதம் ஒரு மாலை, அவர் வீடு திரும்பிய டிராமில் நாற்றம் கிளம்பியது. எரிவாயு என்று நினைத்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தீயணைப்புக்காரர் ஏறியபோது ட்ரெவர் மட்டும் செய்தித்தாளில் கால்பந்துப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், உனக்கு மூக்கு இருக்கா இல்லையா? இறங்குய்யா."

"ஏன், என்ன ஆச்சு?"

அவர் கோட்டுக் கையில் ஒரு துளி பட்டிருந்தது.

மறுநாள் ஆய்வகம் முழுக்க கேலி. "தெருவையே காலி பண்ணிட்டியாமே, நாயே." அவரும் சிரித்தார். அவரோடு அதே மேஜையில் வேலை செய்த லியன் மட்டும் சிரிக்கவில்லை. அவரை என் ஸ்டோருக்குள் அழைத்து வந்தாள்.

"சளிம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் ட்ரெவர்.

"சரி, கண்ண மூடு. மூக்குக்கு நேரா என்ன வச்சிருக்கேன், சொல்லு."

அவர் நீளமாக மூச்சிழுத்தார். "காபி."

"கையில ஒண்ணுமே இல்ல, ட்ரெவ்."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சொல்லிடாத லியன். வீட்ல யாரு இருக்கா எனக்கு? இந்த மேஜைய விட்டா நான் எங்க போவேன்?"

"அடுத்த துளி யார் மேல படும்னு உனக்கே தெரியாது. நான் சொல்லத்தான் போறேன்."

"சொன்னா நான் செத்தேன்."

"தெரியும்பா."

மதியமே மேலதிகாரியிடம் சொன்னாள். ட்ரெவரிடமிருந்து ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, இது நரம்பு நோய், சிலருக்கு முதலில் மூக்கு போகும், கை நடுக்கம் பிறகு வரும் என்றார். அடுத்த வசந்தத்தில் அதுவும் வந்தது.

கோபர்க் புறநகரில் இருந்த அவர் வீட்டுக்கு எரிவாயுக்காரர்கள் இரண்டு முறை வந்து போனார்கள். பக்கத்து வீட்டார் புகார். குழாயில் கோளாறு இல்லை. விஷயம் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை நானும் லியனும் போனோம். வாசலிலேயே எங்களுக்குக் குமட்டியது. துணி துவைக்கும் அறையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அந்தக் கோட்டு.

"இன்னும் நாத்தம் வருதா?" என்று கேட்டார்.

"கண்ணுல தண்ணி வருது, ட்ரெவ்."

"அப்ப கோட்டு மேல தப்பில்ல."

தினமும் காலையில் அந்தப் பையைத் திறந்து பார்க்கிறாராம். அன்றும் எங்கள் எதிரிலேயே கோட்டுக் கையை எடுத்து முகத்தில் அழுத்தி, ஆழமாக மூச்சிழுத்தார். வெகுநேரம் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை. பிறகு கோட்டைப் பைக்குள் திணித்தார். நடுங்கிய விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை. லியன் குனிந்து கட்டினாள்.

"இறுக்கிக் கட்டாதம்மா. நாளைக்கு என்னால அவுக்க முடியாது" என்றார்.